செம்மறிப் பாலுக்குத் தேன்கூட்டிலிருந்து எதைக் கொடுக்கலாம்: மகரந்தமா, ராயல் ஜெல்லியா, பிசினா?

கிரீஸில் ஃபெட்டா என்று பெயர் போட்டு விற்கும் பாலாடைக்கட்டியில் குறைந்தது 70 சதவீதம் செம்மறிப் பால் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஆடுகள் மேயும் குன்றுகளிலேயே தேன்பெட்டிகளும் நிற்கின்றன. கூட்டில் கிடைப்பதை ஆட்டுக்குக் கொடுத்தால் பால் கூடுமா?

முதலில் மகரந்தம். சுமார் 20 சதவீதம் புரதம் உண்டு, கூடவே வைட்டமின்கள். ஆனால் கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, விலையும் பக்கத்திலேயே வராது. போதாததற்கு, மகரந்தத் துகளின் மேலோடு லேசில் செரிக்காது. தீவனமாக இதை வாங்குவது வீண் செலவு.

ராணிப் புழுவுக்கு ஊட்டத் தேனீக்கள் சுரக்கும் கூழான ராயல் ஜெல்லி அதைவிட மோசம். ராணிப் புழு வளரும் ஓர் அறையில் கால் கிராம் தேறினால் அதிகம், அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர். மிச்சமிருக்கும் புரதத்தின் பெரும்பகுதியை அசைபோடும் வயிற்று நுண்ணுயிர்கள் உடைத்துவிடும். ராணியைப் பெரிதாக்கும் உணவு ஆட்டின் மடியையும் பெருக்கும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

என் ஓட்டு பிசினுக்குத்தான், அதாவது புரோபோலிஸுக்கு. பாப்லர் போன்ற மரங்களின் மொட்டிலிருந்து தேனீ சுரண்டி வந்து, மெழுகு கலந்து இடுக்குகளை அடைக்கும் பொருள் அது. இதில் உள்ள ஃபிளாவனாய்டுகள் என்ற தாவரச் சேர்மங்கள் பாக்டீரியாவை ஒடுக்கும். மடிநோய் தரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவும் ஆய்வகச் சோதனைகளில் இதற்கு அடங்குகிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் முழுவதும் நிறுத்திய பிறகு, இதுபோன்ற மாற்றுகளின் மேல் கவனம் கூடியது. பாலில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தால் பாலாடைக்கட்டிக்கான உறைக் கிருமி செத்துப்போகும் என்ற கவலையும் உண்டு. பிசின் நேரடியாகப் பால் சுரக்க வைப்பதில்லை. மடியும் வயிறும் நன்றாக இருந்தால் பால் குறையாது, அவ்வளவுதான். நோய் வந்துவிட்ட மடிக்கு இது மருந்தும் அல்ல, மருத்துவரைத்தான் கூப்பிட வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல். வெயிலில் கையில் ஒட்டும், குளிரில் கண்ணாடிபோல் உடையும். பச்சைத் தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறெடுப்பார்கள். எந்த மரத்துப் பிசின் என்பதைப் பொறுத்து வீரியமும் மாறும். நம்மூர்ப் பெட்டிகளில் இருக்கும் இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதே இல்லை என்றே சொல்லலாம். இத்தாலியத் தேனீயும் கொசுத்தேனீயும்தான் சேர்க்கும்.

எதை வாங்கினாலும், சினையின் கடைசி ஆறு வாரத்தில் அடர்தீவனம் குறைந்தால் கூட்டுப் பொருள் எதுவும் ஈடுகட்டாது. மடி வளர்வது அப்போதுதான். அதைச் சரிசெய்த பிறகு, ஒரே ஈற்றில் இருக்கும் ஆடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பிசின் சாறு கொடுத்து ஒரு மாதம் பாலை அளந்து பாருங்கள். நம்மூரில் பால் குட்டிக்குத்தான் போகிறது என்பதால், குட்டிகளின் எடையை வாராவாரம் எழுதி வைத்தாலும் போதும்.