பழைய மவுண்டிங்கைத் தேடிக் காயலான் கடைக்குப் போன கதை

இந்த முறை 5 வாரம் புதுச்சேரியில் இருந்தேன். பேங்க் வேலை, அம்மாவின் கண் ஆபரேஷன், வீட்டு வரி எல்லாம் நல்லபடியாக முடிந்தன, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. அப்பாவின் சான் ஸ்டார்ம் காரிலிருந்து கழற்றிய இன்ஜின் மவுண்டிங்கை (இன்ஜினை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து நடுக்கத்தைத் தாங்குகிற, ரப்பர் வைத்த இரும்புப் பீஸ்), "பழைய பீஸ் எனக்கு வேணும், பத்திரமா வையுங்க" என்று மூன்று தடவை சொல்லியும், ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். பிரான்சுக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை.

சான் ஸ்டார்மை இப்போது பலர் மறந்திருப்பார்கள். 1990களின் கடைசியில் நம் நாட்டிலேயே செய்து வந்த 2 பேர் உட்காரும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார், மேல் கூரையைத் திறந்துகொண்டு ஓட்டலாம். பாடி முழுக்க ஃபைபர் கிளாஸ். உள்ளே இருப்பது பிரெஞ்சு கம்பெனி ரெனோவின் 1149 சிசி இன்ஜின், டி7எஃப் என்பார்கள், 60 குதிரைத் திறன். அப்பா அதை செகண்ட் ஹேண்டில் வாங்கி முத்தியால்பேட்டை வீட்டு வாசலில் நிறுத்திய அன்று தெருவே வந்து பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூரையைத் திறந்துவிட்டு காலாப்பட்டு வரைக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். அவ்வளவுதான் அந்த வண்டியின் வேலை. அப்பா போன பிறகும் அம்மா அதை விற்க விடவில்லை.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. வண்டி சைலன்சர் மூழ்கும் அளவுக்கு நனைந்து, அப்படியே மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்தது. ஃபைபர் பாடி துருப்பிடிக்காது, ஆனால் அடியில் இருக்கிற சேசிஸ் இரும்புதானே. கடல் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், எர்த் ஒயர் முனையெல்லாம் பச்சைப் பொடி பூத்திருந்தது. நான் வந்து ஸ்டார்ட் செய்தபோது வண்டி கிளம்பியது, ஆனால் ஐடிலில் கண்ணாடியெல்லாம் நடுங்கியது, கிளட்சை விட்டால் அடியில் 'டொக்' என்று ஓர் இடி. குனிந்து பார்த்தால் இடது பக்க இன்ஜின் மவுண்டிங்கில் ரப்பர் ஒரு பக்கமும் இரும்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கிறது. ரப்பர் ஒட்டியிருக்கிற இடத்தில் இரும்பு துருப்பிடித்தால் ஒட்டு இப்படித்தான் விட்டுப்போகும்.

இன்ஜின் சாமான்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நான் இருப்பது பாரிஸ் பக்கத்தில் சார்செலில். இதே இன்ஜின்தான் அங்கே ரெனோவின் பழைய கிளியோ, ட்விங்கோ கார்களிலும் ஓடுகிறது, எங்கள் வீட்டிலேயே ஒரு ட்விங்கோ 11 வருடம் இருந்தது. டைமிங் பெல்ட், டென்ஷனர், பிளக் எல்லாம் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பெல்ட்டைப் பற்றி மட்டும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வண்டி ஓடவே இல்லையே, பெல்ட் நல்லாத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அது ரப்பர், நின்ற இடத்திலேயே வயசாகும். கிலோமீட்டரோடு வருடக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரான்சில் உதிரிப் பாகம் வாங்குவது எப்படி என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வண்டி நம்பரைத் தட்டினால் போதும், அந்த வண்டிக்கு எந்த ஃபில்டர், எந்த பிரேக் பேட் என்று வரிசையாக வந்து நிற்கும். நம்பர் இல்லாமல் கையில் பழைய பாகத்தை எடுத்துக்கொண்டு போனால், கவுன்டரில் இருக்கிற பையன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான், "கார்த் கிரீஸ் கொண்டு வாங்க" என்பான், அதாவது வண்டியின் ஆர்.சி. காகிதம். நம் ஊரில் நேர் எதிர். சின்ன வயசில் அப்பாவோடு எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி "சாம்பிள் கொண்டாந்தீங்களா?" என்பதுதான். காகிதத்தில் சுற்றிய கிரீஸ் பிசுக்குப் பீஸை எடுத்து வைத்தால் கடைக்காரர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, பரணிலிருந்து வேறு ஏதோ வண்டியின் சாமானை எடுத்துப் பக்கத்தில் வைத்து, "இது செட் ஆவும், எடுத்துட்டுப் போங்க" என்பார். செட் ஆகும். அந்த முறையில்தான் எங்கள் வீட்டு வண்டி இத்தனை வருடம் ஓடியது.

மவுண்டிங் விஷயத்தில் அந்தச் சாம்பிள்தான் எல்லாமே. அதன் ஒரு பக்கம் ரெனோ இன்ஜினோடு சேர்கிறது, மறுபக்கம் சான் சேசிஸோடு. ரெனோ கேட்டலாகில் அது இல்லை. ரெனோவின் லோகன் காரின் மவுண்டிங் பொருந்துமா என்று ஒன்றை வாங்கிப் பார்த்தேன், போல்ட் துளைகள் தள்ளி நிற்கின்றன. ஆக, பழைய பீஸ் போனால் அளவு போச்சு.

இதை அந்த ஒர்க்‌ஷாப்பில் விளக்கமாகச் சொன்னேன். புதிய இடம்தான், ஏசி போட்ட ரிசப்ஷன், காபி, மொபைலுக்கு மெசேஜ், கம்ப்யூட்டர் பில். ஏழு நாள் கழித்துப் போனால் வண்டி ஜாக்கியில் நிற்கிறது, மவுண்டிங் இருந்த இடம் காலி. "பீஸ் எங்கே?" என்றால், "சார், அது உடைஞ்சு போனது சார், அத வச்சு என்ன பண்ணப் போறீங்க? நேத்து ஸ்கிராப் வண்டி வந்துச்சு, போட்டுட்டோம். புதுசு ஆர்டர் பண்ணிடலாம்" என்கிறார் சூப்பர்வைசர். எங்கிருந்து ஆர்டர் பண்ணுவீர்கள் என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் மாடல் பெயரைத் தேடுகிறார், அந்தப் பட்டியலில் இந்த வண்டியே இல்லை. பிரான்ஸ் முறையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் இருக்கிற வண்டிக்குத்தான் அந்த முறை சரிப்படும். அதோடு அங்கே கழற்றிய பாகத்தைக் கேட்டால் கையில் கொடுக்க வேண்டும், அதுவும் சட்டம். அதை இவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நம்மிடம் இருந்த சாம்பிள் பழக்கத்தையும் விட்டுவிட்டார்கள். அங்கேயே கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன்.

ஸ்கிராப் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டு நேரே அந்தக் காயலான் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் பொறுமையாகக் கேட்டார். "நேத்து வந்தது இன்னும் பிரிக்கல தம்பி, அந்த மூலையில கிடக்கு, தேடிக்கோங்க." மதியம் 12 மணி வெயில். பிரேக் டிரம், ஷாக் அப்சார்பர், கம்பி, நசுங்கிய ரேடியேட்டர் என்று ஒரு குவியல், நானும் சித்தப்பா மகனும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தோம். ஒன்றரை மணி நேரம். நடுவில் பாய் தானே வந்து கோணிப்பை ஒன்றை விரித்துக் கொடுத்து, மோரும் வாங்கி வரச் சொன்னார். கடைசியில் ஒரு பிளைவீலுக்கு அடியில் எங்கள் மவுண்டிங்கின் இரும்புப் பாகம் கிடைத்தது, ரப்பர் பாதி பிய்ந்து தொங்கியது. காசு கேட்டால் பாய் வாங்கவில்லை. "உங்கப்பா வண்டியோடதுதானே, எடுத்துட்டுப் போங்க."

அங்கிருந்து நெல்லித்தோப்பில் ஒரு லேத் பட்டறை. நடத்துபவர் முன்பு ரோடியர் மில்லில் மெயின்டனன்ஸில் இருந்தவர். பீஸைக் கையில் வாங்கியவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெர்னியரை எடுத்தார், துளைக்குத் துளை தூரம், தகட்டின் கனம், வளைவு எல்லாவற்றையும் அளந்து ஓர் அட்டையில் படமாகப் போட்டார். அப்புறம்தான் கேட்டார்: "ரப்பர் எது போடறது?"

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஊரில் சிலர் பழைய டயர் ரப்பரை வெட்டி வைத்து போல்ட் போட்டுவிடுவார்கள். அது தாங்கும், பல வருடம் தாங்கும், ஆனால் அவ்வளவு கெட்டி ரப்பர் இன்ஜின் நடுக்கத்தை அப்படியே பாடிக்குக் கடத்திவிடும். சாதாரண இரும்பு பாடியில் சத்தம் வரும், அதோடு சரி. ஃபைபர் பாடியில் போல்ட் முடுக்கிய இடத்தைச் சுற்றி மேல் பூச்சில் சிலந்தி வலை மாதிரி கீறல் விழும், பிறகு அதைச் சரி செய்ய மவுண்டிங் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். ரேஸ் ஓட்டுபவர்கள் போடுகிற பாலியூரித்தேன் வகையும் தெருவில் ஓட்டுகிற இந்த வண்டிக்குக் கெட்டிதான். ரப்பரின் கெட்டித்தன்மையை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். 50, 55 பக்கம் இருக்கட்டும், இயற்கை ரப்பராக இருக்கட்டும், வெறுமனே பசை போட்டு ஒட்டாமல் அச்சில் வைத்து இரும்போடு சேர்த்து வேகவைத்துத் தரட்டும் என்றேன். மாஸ்டர் தலையை ஆட்டினார், தெரிந்த ரப்பர் மோல்டிங்காரரிடம் அனுப்பி நான்காம் நாள் கொடுத்தார். மாட்டி ஸ்டார்ட் செய்ததும் கண்ணாடி அசையவில்லை. அம்மா வாசலில் நின்று, "பழைய மாதிரியே சத்தம் கேக்குதுடா" என்றாள்.

பெட்ரோல் பைப்புகளையும் சேர்த்து மாற்றிவிட்டேன். இப்போது பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது, 25 வருடத்துக்கு முந்தைய ரப்பர் பைப் அதற்காகச் செய்ததல்ல. எத்தனால் தாங்கும் பைப் என்று கேட்டு வாங்குங்கள்.

மாஸ்டரிடம் இரண்டு மவுண்டிங் கூடுதலாகச் செய்யச் சொல்லி, ஒன்றை அம்மாவின் பீரோவில் வைத்திருக்கிறேன், இன்னொன்று என்னோடு சார்செலுக்கு வந்துவிட்டது. அளவு போட்ட அட்டையையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். வலது பக்க மவுண்டிங் இன்னும் பழையதுதான், அதுவும் அதிக நாள் தாங்காது. அடுத்த ஜூலையில் அதைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று கையோடு வாங்கிக்கொண்டு நெல்லித்தோப்புக்குப் போவேன்.