சாயமே காணாத டார்டன்: ஒன்பது குளிர்காலங்கள்

டார்டன் என்னும் ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட கம்பளித் துணி என்றதும் சிவப்பும் பச்சையும் நடுவே மஞ்சள் கோடுமாக ஒரு துணிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஒன்பது குளிர்காலமாக நான் போர்த்திவரும் டார்டனில் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப் பகுதிக்கும், எல்லை தாண்டினால் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துக்கும் உரிய கட்டம் இது. பல டார்டன்களுக்கு இருப்பதுபோல் எந்தக் குலத்தின் பெயரும் இதற்கு இல்லை. மண்ணின் பெயரைச் சொல்லி பார்டர் டார்டன் என்பார்கள். ஆடு மேய்ப்பவர்கள் போர்த்தியதால் மேய்ப்பர் கட்டம் என்றும் சொல்வதுண்டு. இந்தக் கட்டத்தில் நெய்த நீளமான போர்வைக்கு மோட் என்று பெயர்.

என்னுடைய மோட் மூன்று மீட்டருக்குச் சற்று அதிக நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம். ட்வீட் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், வீட்டிலேயே தறி வைத்திருந்த ஓர் அம்மாளிடம் வாங்கினேன். நல்ல குளிர்கோட்டு ஒன்றின் விலை ஆனது. விரித்துப் பார்த்த என் மாமியார், இவ்வளவு பணத்துக்கு இரண்டு நிறம்தானா என்றார். அந்த இரண்டும்கூடச் சாயம் இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. வெள்ளை நூல் வெள்ளைச் செம்மறியின் கம்பளி, கறுப்பு நூல் கறுப்புச் செம்மறியின் கம்பளி, அவ்வளவே. இப்போது கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் கறுப்புச் சாயம் ஏற்றிய நூல்தான் இருக்கும். சாயமில்லாதது வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கட்டத்தின் கணக்கு எளிது. பாவில், அதாவது நீளவாட்டு நூலில், ஆறு கறுப்பு, ஆறு வெள்ளை. குறுக்கே ஓடும் ஊடையிலும் அதே ஆறு, ஆறு. ஆனால் சதுரங்கப் பலகை போல இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்பைக் கறுப்பு கடக்கும் இடம் முழுக் கறுப்பு, வெள்ளையை வெள்ளை கடக்கும் இடம் முழு வெள்ளை. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடங்கள்தான் பரப்பில் பாதி. அவை இரண்டும் கலந்து சாம்பலாகத் தெரியும். இரண்டு நிறம் போட்டால் மூன்று கிடைக்கும். ஆறு நிறம் போட்ட டார்டனில் இதே கணக்குப்படி இருபத்தொன்று வரும். அந்தச் சாம்பல் சதுரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். மெல்லிய சாய்கோடுகள் படிப்படியாக ஏறும். ஒவ்வோர் ஊடை நூலும் இரண்டு பாவு நூல்களுக்கு மேலேறி அடுத்த இரண்டுக்குக் கீழே இறங்குகிறது. அடுத்த வரிசையில் ஒரு நூல் நகர்ந்து அதையே செய்கிறது. அதனால் வரும் சாய்வு இது. ஆறை நான்காகக் குறைத்தால் என்ன ஆகும் என்று அந்த அம்மாள் ஒரு துண்டில் நெய்து காட்டினார். சதுரங்களுக்கு மூலையில் பல் முளைத்துவிட்டது. நாய்ப்பல் கட்டம் என்று உலகமெங்கும் கோட்டுகளில் ஓடுவது அதுதான். தறி அதே தறி, நூல் அதே நூல், எண்ணிக்கையில் மட்டும் இரண்டு குறைவு.

இந்தச் சிக்கனம் நேற்று வந்ததில்லை. ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் ஊரில் 1933இல் ஒரு மண்பானை கிடைத்தது. உள்ளே கிட்டத்தட்ட 2,000 ரோமானிய வெள்ளிக் காசுகள். பானையின் வாயில் அடைப்பாகத் திணித்திருந்தது ஒரு கந்தல் துணி. பழுப்பும் வெள்ளையுமான சாயமில்லாக் கம்பளி, கட்டம் போட்டது, கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எடின்பரோ அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கப் போன அன்று என் தோளில் மோட் கிடந்தது. துண்டு உள்ளங்கை அளவுதான். காசுகளை விட்டுவிட்டு மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி புழக்கத்துக்கு வருகிறேன். இடது தோளில் ஒரு முனையைப் போட்டு, முதுகைச் சுற்றி வலக்கைக்கு அடியில் இழுத்து, மறுபடி இடது தோளில் எறிய வேண்டும். வலக்கை விடுதலையாக இருக்கும். மேய்ப்பனுக்குக் கோல் பிடிக்க, எனக்குக் காய்கறிப் பை பிடிக்க. எடின்பரோவில் ஸ்காட் நினைவுச் சின்னத்தின் அடியில் பளிங்குச் சிலையாக உட்கார்ந்திருக்கும் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் போர்த்தியிருப்பதும் மோட்தான். பக்கத்தில் அவருடைய நாய். முதல் மாதம் முழுக்க எனக்கு அது நழுவிக்கொண்டே இருந்தது. ஊசி குத்தாமல் நிற்கப் பழக ஒரு குளிர்காலம் ஆனது. பழைய மோட்களில் ஒரு முனையை மடித்துத் தைத்துப் பையாக்கி, பிறந்த ஆட்டுக்குட்டியை அதில் வைத்துத் தூக்கி வருவார்களாம். என் பையில் பெரும்பாலும் கையுறையும் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலமும் இருக்கும்.

மெல்ரோஸுக்கு மேலே ஈல்டன் குன்றுகளில் அடிக்கும் காற்றுக்குக் குடை உதவாது, இது உதவும். தூறல் நூலின் மேலேயே முத்துமுத்தாக நிற்கும், உதறினால் போய்விடும். விடாத மழை என்றால் ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும். அப்போது கனம் இரட்டிப்பானது போல அழுத்தும், பட்டி வாசனையும் வரும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனது நடந்திருக்கிறது.

சாயம் இல்லாததால் வெளுக்காது என்று நம்பித்தான் வாங்கினேன். அது தவறு. ஆட்டின் கறுப்பு வெயிலில் துருப்பிடித்த பழுப்பாகிறது, வெள்ளை மஞ்சளாகிறது. தோளில் படும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்திருக்கின்றன. மடிப்புக்குள் இருக்கும் பகுதியை விரித்தால்தான் வாங்கிய அன்றைய கறுப்பு தெரியும். எனக்கு இந்தப் பழுப்பு பிடித்துவிட்டது. கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும் என்பவர்கள் சாயம் போட்டதையே வாங்கலாம்.

ஒருமுறை சோம்பலில் சலவைக்கடையில் கொடுத்தேன். சூடான தண்ணீரில் போட்டுவிட்டார்கள். ஒரு முனை சுருங்கி, மயிர் பின்னிக்கொண்டு, அந்தச் சாய்கோடுகள் கம்பளத்தின் அடிப்புறம் போல மங்கிவிட்டன. அது திரும்பி வராது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நானே வெதுவெதுப்பான நீரில் முக்கி, பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை எடுத்து, தரையில் விரித்துக் காயவைக்கிறேன்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த கட்டம் பின்பக்கமும் அதே கட்டமாக, சாய்கோடு மட்டும் எதிர்த்திசையில் இருக்கும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சடித்தது.

ஆறாம் ஆண்டு பூச்சி அரித்துப் பட்டாணி அளவில் ஓர் ஓட்டை விழுந்தது. குஞ்சத்திலிருந்தே நூல் உருவி, நூல் எண்ணி எண்ணித் தைத்து அடைத்தேன். தைத்து முடித்து, விளக்கடியில் வைத்து எண்ணியபோது அந்த ஒரு சதுரத்தில் மட்டும் ஏழு கறுப்பு இருந்தது. பிரிக்கவில்லை.