பலப்பா இடிக்க எந்த வெங்காயம், எந்தக் கல்?

ரியாத்தில் வேலை பார்த்தபோது எங்கள் அலுவலகத்தில் பிலிப்பைன்ஸின் மராவி ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வெள்ளைச் சோறு, பொரித்த கருவாடு, கூடவே சின்ன டப்பாவில் பொன்னிறமாக ஏதோ ஒன்று கொண்டுவருவார். டப்பாவைத் திறந்தால் இஞ்சி வாசனை முதலில் வரும். அப்புறம் வெங்காயம். மிளகாய் வாசனையாக வராது, மூக்கில் நேராக ஏறும். பலப்பா என்று சொல்லித்தந்தார்.

தெற்கு பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் லனாவோ ஏரியைச் சுற்றி வாழும் மரானாவ் மக்களின் தொடுகறி இது. 'மரானாவ்' என்ற பெயருக்கே ஏரி மக்கள் என்றுதான் பொருள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மட்டுமில்லை, சமையலுக்கு அடித்தளமும் இதுதான். கோழியைத் தேங்காய்த் துருவலோடு வேகவைக்கும் பியாபரானுக்கு நாம் தாளிப்பில் இஞ்சி பூண்டு விழுது போடுவதுபோல் அவர்கள் பலப்பாவைப் போடுகிறார்கள். சாமான் நாலைந்துதான்: சக்குராப் என்னும் வெள்ளைத் தாள் வெங்காயம், இஞ்சி, லபுயோ மிளகாய், உப்பு, விரும்பினால் வறுத்த தேங்காய்த் துருவல்.

இதில் மிளகாய்க்கும் இஞ்சிக்கும் மாற்று தேட வேண்டியதில்லை. லபுயோ கிடைக்காவிட்டால் நம்ம காந்தாரி மிளகாய் போதும். அதே சின்ன உருவம், அதே சுருக்கென்ற காரம். இலங்கைக்காரர்கள் கொச்சி மிளகாயை எடுக்கலாம். நீளப் பச்சை மிளகாய் வேண்டாம், காரம் வருவதற்குள் பச்சை வாடை வந்துவிடும். இஞ்சி கொஞ்சம் முற்றியதாக இருக்கட்டும், அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் வெங்காயத்தில்தான்.

ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் சக்குராபுக்குப் பதிலாக 'ஷாலட்' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படித்ததும் நாம் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். உண்மையில் சக்குராப் வேறு செடி. தாவரவியலில் அதன் பெயர் அல்லியம் சைனென்ஸ், ஜப்பானியர் ரக்கியோ என்று ஊறுகாய் போடுவதும் இதையேதான். மெலிந்த வெள்ளைக் கிழங்கு, அதை ஒட்டிய தண்டு. கடித்தால் வெங்காயமும் பூண்டும் சேர்ந்த சுவை, ஆனால் தித்திப்பு குறைவு.

சின்ன வெங்காயத்தின் சிக்கலே அந்தத் தித்திப்பு. இடித்துப் பச்சையாகத் தொட்டுக்கொண்டால் ஓரளவு சரியாக இருக்கும். எண்ணெயில் வதக்கினால் அதன் சர்க்கரை சிவந்து வதக்குச் சட்னி வாசனை வந்துவிடும். ருசியில் குறையில்லை, ஆனால் மாசிக் கருவாடும் எலுமிச்சையும் மறந்துபோன இலங்கைக் கட்டைச் சம்பல் மாதிரி இருந்தது. அந்தப் பெண்மணி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "இது உங்க ஊர்ச் சாப்பாடு, நல்லாயிருக்கு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் புரிந்துவிட்டது.

அடுத்து வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. மணம் உடனே நெருங்கி வந்தது. ஒரு விடுமுறை முடிந்து அவர் கொண்டுவந்த ஒரு கட்டு சக்குராபைப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்த்தேன். வெங்காயத்தாளில் அந்தத் தண்டு வாசனை இருக்கிறது, உறைப்புத்தான் குறைச்சல். வெள்ளைப் பகுதி என்று பார்த்தால் ஒரு கட்டில் ஒரு கைப்பிடிகூடத் தேறாது, ஆகச் செலவும் கூடும். பச்சைத் தாளையும் சேர்த்துவிடலாமே என்று ஆசை வரும். சேர்க்காதீர்கள், இடிக்கும்போது கொழகொழக்கும்.

கடைசியில் நான் வந்து நின்ற கணக்கு: வெங்காயத்தாள் வெள்ளை மூன்று பங்கு, சின்ன வெங்காயம் ஒரு பங்கு, உறைப்புக்கு ஒரே ஒரு பல் பூண்டு. பூண்டு அங்கே வழக்கமில்லை, சக்குராபின் அந்தப் பூண்டு வாடையை ஈடுகட்டத்தான். லீக்ஸும் முயன்று பார்த்தேன், நார் பல்லில் சிக்கியது. பெரிய வெங்காயத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், தண்ணீர்க் குடம் அது.

தண்ணீர் என்றதும் மிக்ஸி ஞாபகம் வருகிறது. அவசரத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டுச் சுற்றினேன். அரை நிமிடம்தான். மூடியைத் திறந்தால் நுரை, அடியில் தண்ணீர், மேலே குழந்தைக்குக் கொடுக்கும் கூழ் மாதிரி ஒன்று. நாக்கில் வைத்தால் கசப்பு. வெங்காயத்தை அந்த அளவுக்குச் சிதைத்தால் அதன் கந்தகச் சாறு மொத்தமும் ஒரேயடியாக வெளியே வந்துவிடுகிறது. வாணலியில் போட்டு அந்தத் தண்ணீரை வற்றவைக்கவே கால் மணி நேரம் போயிற்று, அதற்குள் இஞ்சி மணம் ஆவியாகிவிட்டது.

உரல் வேறு மாதிரி. கைக்கடக்கமான இடிகல் போதும். முதலில் இஞ்சியும் உப்பும், நார் பிரியும் வரை. பிறகு மிளகாய். மேலே ஒரு கையை மூடிபோல் வைத்துக்கொள்ளுங்கள், விதை கண்ணுக்குத் தெறிக்கும். கடைசியில்தான் மெல்லிசாக நறுக்கிய வெங்காயத்தாள், அதுவும் ஒரு பிடி ஒரு பிடியாக. இதை மட்டும் நசுங்கும் அளவுக்கு இடித்தால் போதும். எடுத்துப் பார்த்தால் வெள்ளை இழைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், நடுவே இஞ்சி மஞ்சளாக, மிளகாய்த் தோல் சிவப்புப் பொட்டாக.

ஊருக்கு வந்தபோது அம்மியில் செய்து பார்த்தேன். அம்மி இருக்கும்போது இடிகல் எதற்கு என்ற வீறாப்புதான். இஞ்சிக்கும் மிளகாய்க்கும் அம்மி பிரமாதம், இடிகல்லைவிடச் சீக்கிரம் வேலை முடியும். வெங்காயம் வந்ததும் குழவி அதை இழுத்து மசித்துத் துவையல் ஆக்கிவிட்டது. அம்மிதான் இருக்கிறது என்பவர்கள் இஞ்சி, மிளகாயை அதில் அரைத்துக்கொண்டு, வெங்காயத்தாளைப் பலகையில் வைத்துக் கத்தியால் பொடியாகக் கொத்திச் சேர்க்கலாம். மிக்ஸியைவிட அது நூறு மடங்கு மேல்.

அளவு கேட்பவர்களுக்கு: வெங்காயக் கலவை 250 கிராம், தோல் சீவிய இஞ்சி 50 கிராம், காந்தாரி 12 முதல் 15, உப்பு ஒரு சிறு தேக்கரண்டி. காரம் தாங்காதவர்கள் மிளகாயைப் பாதியாக்கலாம், இஞ்சியில் கை வைக்காதீர்கள்.

பச்சையாகவா, வதக்கியா என்பது ருசியைவிட நாள் கணக்கைப் பொறுத்தது. பச்சைப் பலப்பா இடித்த அன்றைக்குத்தான் உச்சம். மீன் பொரியலோடு அதற்கு இணையில்லை, மறுநாளே வெங்காயம் ஊறி வாடை மாறும். வதக்குவதென்றால் நாலு மேசைக்கரண்டி எண்ணெய், சின்னத் தீ, பத்துப் பன்னிரண்டு நிமிடம். முதலில் சலசலவென்று சத்தம் கேட்கும், அது தண்ணீர் போகும் சத்தம். சத்தம் அடங்கி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, நிறம் வெளிர்ப் பொன்னாக வந்ததும் இறக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று விட்டால் இஞ்சி கசக்கும். சமையலில் போடுவதற்கும் வதக்கியதுதான் கைகொடுக்கும்.

தேங்காய் சேர்த்தது சாப்பிட அருமை, மொறுமொறுவென்று காரத்தைத் தணிக்கும். ஆனால் நாள்பட வைக்க நினைத்தால் தேங்காய் இல்லாமல்தான் அங்கேயும் செய்கிறார்கள், சிக்கு வாடை வந்துவிடும் என்பதால். நான் தேங்காயைத் தனியாக வறுத்து வைத்து, தட்டில் போடும்போது கலந்துகொள்கிறேன். எண்ணெய் மேலே மிதக்கிறதே, கெடாது என்று நம்பி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். புளிப்பே இல்லாத வெங்காயம் எண்ணெய்க்கு அடியில் வெளியே கிடந்தால் நச்சுக் கிருமி வளர இடமுண்டு. ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டி போட்டு, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தயிர்ச் சாதத்துக்கே மூன்று நாளில் தீர்ந்துவிடுகிறது.