40 கோடி டெர்ம் லோன்: வட்டியை அப்படியே விடுவதா, கட்டிப் போடுவதா?

2022 மே 4. கொள்கை அறிவிப்பு எதுவும் குறிக்கப்படாத ஒரு புதன்கிழமை. ரிசர்வ் வங்கி கவர்னர் சக்திகாந்த தாஸ் திடீரென்று திரையில் வந்து ரெப்போவை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டியை, 4.00 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கினார். அடுத்த பிப்ரவரியில் அது 6.50. ரெப்போவுக்கு மேல் 3 சதவீதம் என்று 40 கோடி கடன் வாங்கிய ஒரு நூற்பாலையை நினைத்துக்கொள்ளுங்கள். 7 சதவீதமாக இருந்த வட்டி ஒன்பதே மாதத்தில் 9.50 ஆகிவிட்டது. அசல் குறையவில்லை என்றால் வருடத்துக்கு ஒரு கோடி கூடுதல். மில்லின் வட்டி ஏறிவிட்டதே என்று நூல் வாங்குபவர் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தரப்போவதில்லை.

இந்த மில்லுக்கு முன்னால் நான்கு வழிகள். நான்கையும் ஒரே தட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்வாப், அதாவது மாறும் வட்டியை நிலையான வட்டியாக மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம், விற்க வரும் வங்கி டிரஷரிக்காரர் அதைச் செய்ய மாட்டார்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ள முடியாது. 2025-இல் மட்டும் ரெப்போ 6.50-லிருந்து 5.25-க்கு இறங்கியது. சும்மா இருந்தவர்களுக்கு அந்த லாபம் ஒரு கையெழுத்துகூட இல்லாமல் வந்து சேர்ந்தது. வட்டி 2.5 சதவீதம் ஏறினாலும் தவணை தவறாது என்று உறுதியாகச் சொல்ல முடிகிற நிறுவனம் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். ஆனால் பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் நடுவில் மூன்று மாதம் மாட்டிக்கொண்டாலே மூச்சு வாங்குகிற மில்லுக்கு அந்த உறுதி கிடையாது.

இரண்டாவது, நிலையான வட்டியிலேயே கடன் வாங்குவது. பார்க்க இதுதான் எளிது: ஒரே பத்திரம், ஒரே வட்டி. ஆனால் சாங்ஷன் லெட்டரைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வட்டியைத் திருத்தும் உரிமையை வங்கி தன் கையில் வைத்திருந்தால், ‘நிலையான’ என்ற சொல்லுக்கு அங்கே அதிகப் பொருள் இல்லை. முன்கூட்டி அடைத்தால் அபராதமும் இருக்கும். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த அபராதம் எவ்வளவு என்பது முதல் நாளே தெரியும். இதன் அருமை பிறகு புரியும்.

மூன்றாவதுதான் ஸ்வாப். கடனை யாரும் தொடுவதில்லை. அது பாட்டுக்கு ரெப்போ கூட்டல் 3-இல் ஓடும். பக்கத்தில் இன்னொரு ஒப்பந்தம். அதில் நிறுவனம் வங்கிக்கு, கணக்குக்காக வைத்துக்கொள்வோம், 6 சதவீதம் தரும். வங்கி திருப்பித் தருவது மிபார், அதாவது வங்கிகள் ஒரே இரவுக்குத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் வட்டி, நாள்தோறும் கூட்டுவட்டியாகச் சேர்த்து. அசல் கைமாறாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வித்தியாசம் மட்டும் கைமாறும். ரெப்போ ஏறினால் மிபாரும் ஏறும். கடனில் போவது ஸ்வாப்பில் வரும். மொத்தச் செலவு 9 சதவீதத்தில் நிற்கும்.

இங்கேதான் முதல் சண்டை வரும். ரெப்போ 4-ஆக இருந்த காலத்தில் ஒரு மில் அலுவலகத்தில் எம்.டி.யும் ஸ்வாப் விற்க வந்தவரும் பேசியதாக நான் கேட்டது:

“ரெப்போ நாலு. நீங்க ஆறு கட்டச் சொல்றீங்க. இது என்ன கணக்குங்க?”

“நாலுங்கறது இன்னிக்கு வட்டி, சார். ஆறுங்கறது அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து சந்தை போட்டு வெச்சிருக்கற வட்டி.”

எம்.டி. சிரிக்கவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. வட்டி ஏறும் என்று ஊரே பேசும்போது அந்த ஏற்றம் ஸ்வாப் விலைக்குள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும். முதல் வருடம் 2 சதவீதம், அதாவது 80 லட்சம், கையிலிருந்து போகும். ஸ்வாப்பால் வட்டி மலிவாகாது. வட்டி தெரிந்த தொகையாக மாறும், அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கல் இதைவிட நுணுக்கமானது. கடன் ரெப்போவோடு ஓடுகிறது, ஸ்வாப் மிபாரோடு ஓடுகிறது. இரண்டும் இரட்டைக் குழந்தைகள் மாதிரித்தான், சில வருடம் தவிர. 2020 மே முதல் ரெப்போ 4.00, ரிவர்ஸ் ரெப்போ (வங்கிகள் தன்னிடம் போட்டு வைக்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி தரும் வட்டி) 3.35. வங்கிகளிடம் பணம் நிரம்பி வழிந்ததால் ஓரிரவு வட்டி ரெப்போவை விட்டுவிட்டுக் கீழே 3.35 பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. ஸ்வாப் போட்டிருந்த நிறுவனம் கடனுக்கு 4.00-ஐ வைத்து வட்டி கட்டியது. ஸ்வாப்பில் வாங்கியதோ 3.35 சுமார். 40 கோடிக்கு வருடம் 26 லட்சம் இடையில் ஒழுகியது. கடன் எம்சிஎல்ஆரில், அதாவது வங்கி தன் சொந்தப் பணச் செலவை வைத்துப் போடும் வட்டியில், இருந்தால் இடைவெளி இன்னும் தாறுமாறாகும். அது மெதுவாக அசையும். பல கடன்களில் வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும்.

மூன்றாவது சிக்கல், வெளியே வருவது. மில்லை விற்கிறீர்கள், அல்லது வேறு வங்கி குறைந்த வட்டிக்குக் கூப்பிடுகிறது. கடனை அடைத்துவிடலாம். ஸ்வாப் அடைபடாது, அன்றைய சந்தை விலைக்குத்தான் முறிக்க முடியும். இரண்டு வருடம் பாக்கி, நீங்கள் ஒப்புக்கொண்டது 6.00, சந்தையில் இப்போது 5.25 என்றால், 0.75 சதவீதத்தை 40 கோடிக்கும் இரண்டு வருடத்துக்கும் பெருக்குங்கள். 60 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக எண்ணி வைத்துவிட்டுத்தான் வெளியே வரலாம். பிரிட்டனில் சின்னத் தொழில்காரர்கள் இதில்தான் விழுந்தார்கள். அங்கே 2007 ஜூலையில் 5.75 சதவீதமாக இருந்த மத்திய வங்கி வட்டி 2009 மார்ச்சில் 0.5-க்கு விழுந்தது. முறிக்க இவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்லவில்லை என்று அவர்கள் புகார் செய்தார்கள். 2012-இல் கட்டுப்பாட்டு அமைப்பு தலையிட்டது. வங்கிகள் கடைசியில் திருப்பிக் கொடுத்தது 220 கோடி பவுண்ட்.

இந்த ஒரு விஷயத்தில் நிலையான வட்டிக் கடன் ஸ்வாப்பை வென்றுவிடுகிறது. ஐந்து வருடமும் கடனை வைத்திருப்பது நிச்சயமில்லை என்றால், சதவீதத்தில் கால் புள்ளி அதிகமானாலும் நான் நிலையான வட்டிக் கடனைத்தான் எடுப்பேன். இன்னொன்றும் உண்டு: ஸ்வாப்புக்கென்று வங்கி தனி லிமிட் ஒதுக்கும். பஞ்சு வாங்க வைத்திருக்கும் லிமிட்டை அது தின்றால், கதை வேறு.

நான்காவது கேப். பிரீமியத்தை முன்பணமாகக் கட்டிவிட்டால், வட்டி ஒரு எல்லையைத் தாண்டும்போது மட்டும் வங்கி வித்தியாசத்தைத் தரும். இறங்கினால் லாபம் உங்களுக்கே, முறிக்கும் செலவும் கிடையாது. காகிதத்தில் நால்வரில் இவன்தான் நல்லவன். ஆனால் ரூபாயில் இதை விற்பவர்கள் கொஞ்சம் பேர்தான், விலையும் அப்படித்தான் இருக்கும். “பிரீமியமே வேண்டாம், கீழ்ப்பக்கம் மட்டும் எங்களுக்கு விட்டுக்கொடுங்கள்”, அதாவது வட்டி இறங்கினால் வரும் லாபம் எங்களுக்கு, என்று வருபவரிடம் ஜாக்கிரதை. 2007-இல் டாலர்–சுவிஸ் பிராங்க் ஆப்ஷன்களில் கைசுட்டுக்கொண்ட கோவைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராஜஸ்ரீ சுகர்ஸ் வழக்கில், அப்படிப்பட்ட ஒப்பந்தம் சூதாட்டம், செல்லாது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2008-இல் ஏற்கவில்லை.

நான் அந்த மில்லின் இடத்தில் இருந்தால் 20 கோடிக்கு மட்டும் ஸ்வாப், அதுவும் மூன்று வருடத்துக்கு. தவணை கட்டக் கட்ட ஸ்வாப் தொகையும் அதே அட்டவணைப்படி குறைய வேண்டும். இல்லையென்றால் இல்லாத கடனுக்குக் காவல் போட்ட மாதிரி ஆகிவிடும். மீதி 20 கோடி ரெப்போவோடு போகட்டும். கையெழுத்துக்கு முன் டீலரிடம் ஒரே கேள்வி: சந்தை ஒரு சதவீதம் இறங்கி, இரண்டாவது வருட முடிவில் நான் வெளியே போனால் எவ்வளவு? சதவீதத்தில் இல்லை, ரூபாயில், வங்கியின் லெட்டர்ஹெட்டில்.