9 லட்சம் பி.ஈ.ஓ. பொடி: காசுக்குத் தகுமா?

எலக்ட்ரோஸ்பின்னிங்கில், அதாவது கரைசலை ஊசி வழியே உயர் மின்னழுத்தத்தில் மெல்லிய தாரையாக இழுத்து, நானோ இழை எடுப்பவர்களுக்கு மட்டும் இது. காயத்துக்குப் போடும் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள்) இழைப் பாய்தான் எங்கள் ஆய்வக வேலை. ஆல்ஜினேட் தனியாக இழையாவதில்லை, துணைக்குப் பாலிஎத்திலீன் ஆக்சைடு (பி.ஈ.ஓ.) என்ற நீளச் சங்கிலி மூலக்கூறு வேண்டும். மூலக்கூறு எடை 9 லட்சம் உள்ள பொடியை வாங்கினேன்.

விலையைக் கேட்டு நான் தயங்கியதும் விற்பவர் ஒரு யோசனை சொன்னார்: "மேடம், 10 ஆயிரம் கிரேடு பி.ஈ.ஜி. மலிவா இருக்கு. அதையே அள்ளிப் போட்டுக் கெட்டியாக்கிக்குங்க." பி.ஈ.ஜி. என்பது அதே சங்கிலிதான், ஆனால் மிகக் குட்டை. அதிலும் கொஞ்சம் வாங்கினேன். ஆல்ஜினேட்டைச் சேர்க்காமல் முதலில் அதை மட்டும் தண்ணீரில் கரைத்து 15 கிலோவோல்ட்டில் ஓட்டினால், இழை வந்து படிய வேண்டிய கலெக்டர் தகட்டில் வெறும் துளிகள். அதே கரைசலில் 9 லட்சம் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டினேன். கெட்டித்தன்மையை அளக்கும் விஸ்கோமீட்டரின் எண் பெரிதாக நகரவில்லை. ஆனால் நுண்ணோக்கியில் துளிகள் போய், மணி கோத்த இழை வந்தது; பிறகு மணிகளும் நீண்டு மெலிந்து காணாமல் போயின.

தேன் எவ்வளவு கெட்டி! வெண்டைக்காய்க் கொழகொழப்பு அதைவிட எவ்வளவோ நீர்த்தது. ஆனாலும் கத்தியைத் தூக்கினால் அறுபடாமல் கூடவே இழுபட்டு வருவது வெண்டைக்காய்தான். இந்தப் பொடிக்குக் கொடுக்கும் காசு அந்த இழுபடலுக்குத்தான், கெட்டித்தன்மைக்கு அல்ல. எந்தத் தாரையையும் மேற்பரப்பு இழுவிசை துளியாக்கத்தான் பார்க்கும். இயற்பியலாளர் ராலே 1879-லேயே அதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். தாரை ஓரிடத்தில் ஒடுங்கும்போது அங்கே சுருண்டு கிடக்கும் நீளச் சங்கிலிகள் விரிகின்றன. விரிந்தவை மறுபடி சுருளப் பார்க்கும். அந்த இழுப்புதான் மேலும் ஒடுங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் விரிந்த சங்கிலி மறுபடி சுருண்டு தளர எடுக்கும் நேரம், தாரை துளியாக உடைய எடுக்கும் நேரத்தைவிட நீண்டிருக்க வேண்டும். இந்த விகிதத்தைத்தான் டெபோரா எண் என்கிறார்கள். குட்டைச் சங்கிலி சட்டென்று தளர்ந்துவிடும். அதை எவ்வளவு கெட்டியாகக் கரைத்தாலும் உடைவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரட்லெட்ஜ் என்ற ஆய்வாளரின் குழு 2006-இல், மீள்தன்மையில் மட்டும் பெரிதும் வேறுபடும் கரைசல்களை வைத்து இதைக் காட்டியிருக்கிறது.

சரி, குறைகள். டப்பாவில் பாகுநிலை (கெட்டித்தன்மை) வரம்பு மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். உற்பத்தித் தேதி இல்லை. தொகுதிச் சான்றிதழைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. கரைப்பதும் பொறுமையைச் சோதிக்கும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே காய்ந்த பொடியுமாகக் கட்டி கட்டியாக நிற்கும். தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும்போதே மெல்லத் தூவி, பிறகு வேகத்தைக் குறைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். அவசரத்துக்கு அல்ட்ராசானிக் வைக்காதீர்கள், அது சங்கிலியை அறுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய நீளத்தை நாமே வெட்டிப் போடுவானேன்?

பொடிக்கு ஐந்துக்கு நாலரை, விற்பவருக்கு இரண்டு. சிட்டிகைக் கணக்கில்தான் செலவாகிறது என்பதால் விலை அவ்வளவாக உறுத்தவில்லை. பெரிய டப்பா லாபம் என்பார்கள், வேண்டாம். காற்றுப் பட்டு நாளாக ஆகச் சங்கிலி தானே அறும். சின்னதாக வாங்கி, இறுக மூடி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.