வீட்டில் கட்டிய கார்பன் வடிகட்டி: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கையால் கட்டிய கார்பன் வடிகட்டி நாற்றத்தைப் போக்குமா என்று கேட்டால், போக்கும் என்று தயங்காமல் சொல்வேன். ஒரே நிபந்தனை, விசிறி இழுக்கும் காற்று முழுவதும் கரியின் ஊடாகத்தான் போக வேண்டும். விரல் நுழையும் அளவுக்கு எங்காவது ஓர் இடைவெளி இருந்தாலும் காற்று அந்த வழியைத்தான் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு உயர்ந்த கரியைப் போட்டிருந்தாலும் பயனில்லை. இரண்டு ஆண்டுகளாக இதை ஓட்டிப் பார்த்ததில், நான் சந்தித்த குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நின்றன.

என் தேவை இது. ஒரு சிறிய அறை, அதில் பூனைகளின் மணல் பெட்டி. அதே அறையின் மறுகோடியில் ஈயப் பற்றவைப்பும் மரத்துக்கு வார்னிஷ் பூசும் வேலையும் நடக்கும் மேசை. சன்னலை எப்போதும் திறந்து வைக்க முடியாது. கடையில் விற்கும் காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளில் தூசியைப் பிடிக்கும் பகுதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் நாற்றத்துக்கென்று அவற்றில் பலவும் வைத்திருப்பது கரித்தூள் தடவிய மெல்லிய நுரைத்தாள் மட்டுமே. நாற்றத்தை அடக்க நுரைத்தாள் போதாது. கரி கிலோக்கணக்கில் வேண்டும். அதனால்தான் நானே கட்டினேன்.

வடிவம் எளிமையானது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கம்பிவலை உருளைகள். நடுவே உள்ள வளையத்தில் கரி. உள் உருளை 10 சென்டிமீட்டர் விட்டம், வெளி உருளை 18, உயரம் 25. அடிப்பக்கம் முழுதும் அடைபட்ட தட்டு, மேலே வளைய வடிவ மூடி. மூடியின் நடுத்துளையில் விசிறி உட்கார்ந்து, வெளியிலிருந்து கரி வழியாகக் காற்றை உள்ளே இழுத்து மேலே தள்ளுகிறது. இந்த அமைப்பு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், சுற்றுப்பரப்பு முழுவதும் காற்று நுழைவதால் ஒவ்வோர் இடத்திலும் அதன் வேகம் குறைவாக இருப்பதுதான். வளையத்தின் கொள்ளளவு சுமார் 4.4 லிட்டர்; கரி இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். மணிக்கு 100 கன மீட்டர் காற்று போனால் நொடிக்கு 28 லிட்டர். அப்படியென்றால் காற்று கரிக்குள் தங்கும் நேரம் ஏறத்தாழ 0.15 நொடி. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் வீட்டு நாற்றங்களுக்கு 0.1 நொடி தாண்டினாலே கரி வேலை செய்துவிடும். விசிறியின் வேகத்தைக் குறைத்தால் தங்கும் நேரம் கூடும், இரைச்சலும் குறையும். நான் பெரும்பாலும் பாதி வேகத்தில்தான் ஓட்டுகிறேன்.

இரண்டு கம்பிவலைகளுக்கு இடையே கரியை அடைத்துக் காற்றை வடிகட்டுவது மிகப் பழைய யோசனை. ஜான் ஸ்டென்ஹவுஸ் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் 1854இலேயே இப்படிக் காற்று வடிகட்டியும் முகக்கவசமும் செய்து காட்டியிருக்கிறார். அவரிடம் இருந்தது சாதாரண மரக்கரி. இன்று நம் கைக்கு எட்டும் கரி அதைவிடப் பல மடங்கு வலிமையானது. இவ்வளவு பழைய, எளிய தொழில்நுட்பம் வீட்டு மேசையில் இன்றும் அப்படியே வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாகிறது.

கரித் தேர்வில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அடுப்புக்கரியை உடைத்துப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. சூடான நீராவியிலோ வேதிப்பொருளிலோ பதப்படுத்திய ஆக்டிவேட்டட் கார்பனில்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்திருக்கும். அதன் ஒரு கிராமில் உள்ள உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். நாற்ற மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. தேங்காய் ஓட்டிலிருந்து செய்த கரியில் 2 நானோமீட்டருக்கும் குறைந்த துளைகள் மிகுதி. காற்றில் மிதக்கும் சிறு மூலக்கூறுகளைப் பிடிக்க அதுவே பொருத்தம். மரத்திலிருந்து செய்த கரியில் துளைகள் பெரியவை. திரவங்களின் நிறம் நீக்க அது நல்லது. வாங்கும்போது அயோடின் எண்ணைக் கேளுங்கள்; ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கும் என்ற அளவு அது. 1,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்ல கரி. குருணை அளவு 2.4 முதல் 4.8 மில்லிமீட்டர் வரை இருப்பதையே நான் வாங்குகிறேன். தண்ணீர் வடிகட்டிக்கு விற்கும் பொடிக்கரி இதைவிட நுண்ணியது. சிறிய விசிறி அதன் வழியே காற்றை இழுக்கத் திணறும்.

கரியை அப்படியே கொட்டிவிடக் கூடாது. முதலில் சல்லடையில் சலித்து, பிறகு தண்ணீரில் அலசி, தண்ணீர் தெளியும் வரை தூளை நீக்க வேண்டும். அதன்பின் முழுவதும் காய வைக்க வேண்டும். வெளியே தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும், உள்ளே துளைகளில் ஈரம் நிறைந்திருக்கும். நான் அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை வெயிலில் வைத்தேன். இந்த வேலைகளின்போது முகக்கவசம் கட்டாயம்; கரித்தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஈரமான ஆக்டிவேட்டட் கார்பன் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஒரு தட்டுக் கரியால் திறந்த அறையில் எதுவும் ஆகாது. ஆனால் பெரிய பீப்பாய்க்குள் ஈரக்கரியை நிரப்பி அதற்குள் தலையை நுழைப்பது உயிருக்கே ஆபத்து.

விசிறிக்கு, பழைய கணினியிலிருந்து கழற்றிய 120 மில்லிமீட்டர் விசிறியில் தொடங்கினேன். 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள கரிப்படுகையை அது தாங்கியது, ஆனால் காற்றின் அளவு திறந்த வெளியில் தருவதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இவ்வகை விசிறிகள் தடை இல்லாத இடத்தில் நிறையக் காற்றைத் தள்ளும். எதிரே தடை வந்தால் தளர்ந்துவிடும். பிறகு, தடையையும் மீறிக் காற்றைத் தள்ளக்கூடிய மையவிலக்கு வகை புளோயருக்கு மாறினேன். அறையில் நாற்றம் அடங்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. சிறு அறைக்கு, இரவு முழுவதும் மெதுவாக ஓடட்டும் என்றால் கணினி விசிறியே போதும். உடனடிப் பலன் வேண்டுவோர் புளோயர் வாங்கலாம்.

அடைப்பு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மலிவாகக் கட்டும் வடிகட்டிகள் தோற்பது இங்கேதான். அடித்தட்டும் வலையும் சேரும் இடம் முழுவதும் சிலிக்கான் பசை. மேல்மூடியும் வலையும் சேரும் இடத்தில் நுரை நாடா. விசிறியின் சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே இன்னொரு நுரை நாடா. வலைகளின் மேல் விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு உலோக நாடாவை ஒட்டிவிட வேண்டும். கரி கொஞ்சம் தாழ்ந்தாலும் காற்று மேலிடுக்கு வழியாகத் தப்பிப் போகாமல் அது தடுக்கும். கட்டி முடித்தபின் மெல்லிய காகித நாடாவை ஒவ்வொரு சேர்க்கைக்கும் அருகே பிடித்துப் பாருங்கள். வலைப்பரப்பு தவிர வேறெங்காவது அது உள்நோக்கி ஒட்டினால் அங்கே கசிவு இருக்கிறது. புகையால் சோதித்து முடிவெடுக்க வேண்டாம். புகையிலுள்ள துகள்கள் கரிக் குருணைகளுக்கு இடையே எளிதாகக் கடந்துவிடும். நன்றாக வேலை செய்யும் வடிகட்டியும் பழுதானதுபோல் தெரியும்.

வெளி வலையைச் சுற்றி பாலியஸ்டர் பஞ்சு விரிப்பைப் போர்த்தி நைலான் கட்டுகளால் இறுக்கியிருக்கிறேன். பூனை முடியும் தூசியும் அதிலேயே நின்றுவிடும். அழுக்கேறினால் கழற்றித் துவைத்துக் காயவைத்து மாட்டலாம். இந்தப் போர்வை இல்லாவிட்டால் கரியின் ஆயுள் தூசியாலேயே குறைந்துபோகும்.

இனிப் பலன். வார்னிஷ் வாடை, பற்றவைக்கும்போது எழும் ரோசின் (பற்றவைப்பில் பயன்படும் மரப்பிசின்) மணம், மூலையில் வைத்திருக்கும் பழைய புத்தகங்களின் பூஞ்சை வாடை ஆகிய மூன்றும் முதல் இரவிலேயே அடங்கின. பற்றவைப்புப் புகையை வெளியேற்றும் வேலையை மட்டும் இதனிடம் ஒப்படைக்கவில்லை, அதற்குத் தனிப் புகைபோக்கி வைத்திருக்கிறேன். இது அதன்பின் அறையில் எஞ்சும் வாடைக்கு.

பூனைப் பெட்டியின் கதை வேறு. அந்த நாற்றம் இரண்டு வகைப் பொருள்களால் ஆனது. கந்தகம் கலந்த கரிமச் சேர்மங்களைக் கரி நன்றாகவே பிடித்தது. ஆனால் சிறுநீரின் யூரியாவைப் பாக்டீரியா சிதைக்கும்போது எழும் அம்மோனியா சாதாரணக் கரியில் தங்குவதே இல்லை என்று சொல்லலாம். மூலக்கூறு மிகச் சிறியது, எளிதில் ஆவியாகக்கூடியது. மூக்கைத் துளைக்கும் அந்தக் காரம் அப்படியே மறுபக்கம் வந்தது. இதற்கு நான் செய்த ஏற்பாடு: சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கரியை அதில் ஊறவைத்து, வடித்து, உலர்த்தி, துணிப்பட்டையில் தைத்து, வெளி வலையைச் சுற்றி ஓர் உறையாகக் கட்டினேன். அமிலம் அம்மோனியாவோடு சேர்ந்து உப்பாகி அங்கேயே நின்றுவிடுகிறது. மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. துத்தநாகம் பூசிய வலையை அமிலம் அரிக்கும், எனவே எவர்சில்வர் வலை வேண்டும். இருந்தாலும், மணல் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்வதற்கு ஈடாக எந்த வடிகட்டியும் வராது.

முதல் சில மாதங்களுக்குப் பிறகு வார்னிஷ் வாடை மெல்ல எட்டிப்பார்த்தது. கரி தீர்ந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். மூடியைத் திறந்தபோது கரி விரற்கடை அளவு தாழ்ந்திருந்தது. விசிறியின் அதிர்வில் குருணைகள் நெருங்கி அமர்ந்து, மேலே ஒரு வளைய இடைவெளி உருவாகியிருந்தது. பக்கங்களில் தட்டித்தட்டிக் கரியை அமரவைத்து, மேலே கொஞ்சம் புதுக்கரி சேர்த்து, இடைவெளியை நுரை வளையத்தால் அழுத்தி மூடியதும் வாடை நின்றது. அதே பழைய கரி அதன்பின் பல மாதங்கள் ஓடியது. நீங்கள் முதன்முறை கரியை மாற்ற நினைக்கும்போது, மாற்றுவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். இந்த அனுபவப் பகிர்வில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம்தான் அடுத்த எதிரி. காற்றின் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதத்தைத் தாண்டும்போது நீராவி நுண்துளைகளில் திரவமாகப் படியத் தொடங்கும்; நாற்ற மூலக்கூறுகளுக்கு இடம் குறையும். மழை மாதங்களில் வடிகட்டியின் எடை அரை கிலோ வரை கூடுவதைத் தராசில் பார்த்திருக்கிறேன். அப்போது அது பிடிப்பதை நிறுத்துவது மட்டுமல்லாமல், முன்பு பிடித்ததில் ஒரு பகுதியை வெளியே விடவும் செய்யும். ஆளில்லாத அறையில் திடீரென்று பழைய வார்னிஷ் மணம் வந்தால் காரணம் இதுவே. அந்த மாதங்களில் ஈரம் உறிஞ்சும் கருவியை முதலில் ஓடவிட்டு, ஈரப்பதம் 60க்குக் கீழே வந்தபின் வடிகட்டியைப் போடுகிறேன். வெப்பமும் கரிக்கு ஆகாது. சன்னலோர வெயிலில் வடிகட்டியை வைக்க வேண்டாம்.

வெயிலில் காயவைத்தால் கரி புதிதாகிவிடும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. நானும் காயவைக்கிறேன், அதில் ஈரமும் இலேசான சில வாடைகளும் போகும். கனமான மூலக்கூறுகள் போகாது. ஆலைகளில் கரியைப் புதுப்பிக்க 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை, ஆக்சிஜன் புகாத சூளையில் சூடாக்குகிறார்கள். வீட்டு அடுப்பில் அதைச் செய்ய முயல்வது ஆபத்தான வேலை. கரி தீப்பிடிக்கும், அது பிடித்துவைத்த நச்சாவிகள் சமையலறையில் பரவும்.

எப்போது மாற்றுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. வார்னிஷ் தோய்த்த சிறு துணியை வடிகட்டிக்கு அருகே வைத்து, விசிறி தள்ளும் காற்றை வெளியிலிருந்து அப்போதுதான் அறைக்குள் வந்த ஒருவர் முகர்ந்து பார்க்க வேண்டும். அறையிலேயே இருப்பவரின் மூக்கு பழகிப்போய் எதையும் சொல்லாது. கரி தாழ்ந்திருக்கவில்லை, உலர்ந்தே இருக்கிறது, ஆனாலும் வாடை கடந்து வருகிறது என்றால் கரியை மாற்றும் நேரம். என் பயன்பாட்டில் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. அமில உறையை அதைவிட அடிக்கடி.

இதை நம்பி எதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் மோனாக்சைடைக் கரி பிடிக்காது. எரிவாயுக் கசிவுக்கும் இது பாதுகாப்பாகாது. அவற்றுக்கு எச்சரிக்கைக் கருவியும் திறந்த சன்னலும்தான் வேண்டும். அசிட்டோன் போன்ற கீட்டோன் வகைக் கரைப்பான்களின் அடர்ந்த ஆவியை இதன் வழியே இழுக்காதீர்கள். அவை கரியில் ஒட்டும்போதும் வினைபுரியும்போதும் வெப்பம் வெளிப்படும். ஆலைகளில் கரிப்படுகைகள் இவ்வாறு தீப்பிடித்ததுண்டு. கரைப்பான் ஆவி ஏறிய பழைய கரியைச் செடிகளுக்குப் போட வேண்டாம். மூடிய பையில் கட்டி, அபாயக் கழிவோடு சேர்த்து அப்புறப்படுத்துவதே முறை.

செலவில் பெரும்பகுதி கரிக்குத்தான் போகிறது. வலையும் மூடியும் விசிறியும் பழைய பொருள்களிலேயே கிடைத்துவிடும். அடுத்த முறை கட்டும்போது வெளி உருளையை 20 சென்டிமீட்டராக்கி, கரியின் தடிமனை 5 சென்டிமீட்டராக உயர்த்தப் போகிறேன். புளோயர் அதைத் தாங்கும். கணினி விசிறி வைத்திருப்பவர்கள் 4 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.