நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வகுப்பும் எண்பது ரூபாய் பாசிமாலையும்

மகளுக்குக் கணக்கு வரவைக்க நான் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டது, அவள் எல்கேஜி முடிக்கும்போது தொடங்கியது. இப்போது இரண்டாம் வகுப்பு. இந்த மூன்று வருடத்தில் கணக்குக்கென்று வீட்டுக்கு வந்ததெல்லாம் பரணில் ஒரு பெட்டியாகக் கிடக்கிறது. போன வாரம் அதை இறக்கித் தூசு தட்டியபோதுதான் எது உதவியது, எது வெறும் செலவு என்று ஒரு தெளிவு வந்தது.

முதல் பெரிய செலவு அபாகஸ், மணிச்சட்டத்தில் கணக்குப் போடும் வகுப்பு. மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாய். ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, கீழே நான்கு. மேல் மணியின் மதிப்பு 5. ஐந்துக்குச் சேரும் ஜோடிகள் ‘சின்ன நண்பர்கள்’, பத்துக்குச் சேர்பவை ‘பெரிய நண்பர்கள்’. யுகேஜி பிள்ளை 23-ஐயும் 14-ஐயும் கண்மூடித் திறப்பதற்குள் கூட்டுவதைப் பார்த்து எனக்கும் பெருமைதான். சொந்தக்காரர்கள் வந்தால் செய்துகாட்டச் சொல்வேன், ஒளிப்பானேன்.

ஆறு மாதம் கழித்து அண்ணாச்சி கடையில் 20 ரூபாய்த் தாளை நீட்டி 12 ரூபாய்க்குச் சாமான் வாங்கினோம். “மீதி எவ்வளவு தரணும், சொல்லு தாயி” என்றார். கையில் அபாகஸ் இருப்பதுபோல் காற்றில் இரண்டு விரலை ஆட்டிவிட்டு “முப்பத்திரண்டு” என்றாள். “அப்ப கடையவே எழுதிக் குடுத்துடுறேன்” என்று அண்ணாச்சி சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. விரலுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்பது அவளுக்குத் தெரியவில்லை. அபாகஸ் மோசம் என்று சொல்ல மாட்டேன். கைவேகமும் கவனமும் வரத்தான் செய்தன. ஆனால் எண் என்றால் என்ன என்று பிடிபட்ட பிறகு செய்ய வேண்டிய பயிற்சி அது. எட்டு வயசுக்கு மேல் என்றால் யோசிக்கலாம்.

அடுத்து கைப்பேசிச் செயலி. சந்தா கட்டி வாங்கியது, பெயர் வேண்டாம். சரியான விடைக்கு நட்சத்திரம், தவறுக்கு ஒரு ‘டொய்ங்’. வாராவாரம் எனக்கு ‘மிகச் சிறப்பு’ என்று அறிக்கை வரும். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 7+6 என்று வந்ததும் கேள்வியைப் பார்க்காமலே முதல் விடையைத் தட்டினாள், டொய்ங். இரண்டாவது, டொய்ங். மூன்றாவதில் நட்சத்திரம். நான்கு விடைகளில் ஒன்று சரியாகத்தானே இருக்கும்! குழந்தை அந்தச் செயலியைச் சரியாகவே படித்து வைத்திருந்தாள். சந்தாவை நிறுத்த மூன்று வாரம் ஆனது, அது தனிக்கதை. அப்புறம் கான் அகாடமி கிட்ஸுக்கு மாறினோம். 2 முதல் 8 வயது வரைக்கானது. இலவசம், விளம்பரமும் கிடையாது. எவ்வளவோ மேல். ஆனாலும் கூட உட்கார்ந்தால்தான் பலன்.

இந்த நேரத்தில்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. பள்ளியில் ஆங்கில வழி. ‘ஃபோர்ட்டீன்’ என்று சொன்னால் 41 என்று எழுதினாள். காதில் நான்குதானே முதலில் விழுகிறது! “பதினான்கு எழுது” என்றதும் யோசிக்காமல் 14 எழுதினாள். பத்து முன்னால் வந்துவிடுகிறது. அதோடு இரண்டு மாதம் வீட்டில் தமிழில் மட்டும் எண்ணினோம். தமிழிலும் ஒரு பள்ளம் உண்டு, தொண்ணூறு. எண்பத்தொன்பது வரை ஒழுங்காக வந்துவிட்டு ‘நூறு’ என்று தாவிவிடுவாள். ‘தொண்ணூறு’ என்பதில் ஒன்பது எங்கே இருக்கிறது, பாவம்.

என் அக்கா அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. 2022-இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலை பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறவள். என் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு காசைக் கொட்டுனதுக்கு நூல்ல மணி கோத்துக் குடுத்திருக்கலாம்டா தம்பி” என்றாள்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் பாசிமணிக் கடையில் எண்பது ரூபாய் ஆனது. பத்து சிவப்பு, பத்து வெள்ளை என்று மாற்றி மாற்றி மொத்தம் நூறு. ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் நடுவே கட்டினோம். ‘36 எங்கே?’ என்று கேட்டு ஒரு துணி கிளிப்பை மாட்டச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் ஒன்றிலிருந்து ஒவ்வொரு மணியாக எண்ணினாள். இரண்டாம் வாரம் மூன்று பத்தைத் தாண்டிப் போய் ஆறு எண்ணினாள். ஒருநாள் 39 கேட்டேன். நாற்பதில் விரலை வைத்து ஒன்று பின்னால் வந்தாள். நான் சொல்லிக்கொடுக்காதது அது.

8+5 இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. எட்டாவது மணியில் கிளிப். ஐந்தை எண்ணப் போனவள் நின்றாள். “சிவப்பு முடிய ரெண்டுதான் இருக்கு. அப்ப வெள்ளையில மூணு. பதிமூணு!” அபாகஸ் வகுப்பில் மனப்பாடம் செய்த ‘பெரிய நண்பர்’ இதேதான். அங்கே விதியாக இருந்தது இங்கே கண்ணுக்குத் தெரிந்தது. தப்பு செய்தாலும் எந்த மணியில் தடுமாறினாள் என்று எனக்குத் தெரிகிறது. செயலியின் டொய்ங்கில் அது தெரியவே தெரியாது.

வண்ணக் கோல்களும் வாங்கினேன், 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளத்துக்கு ஒரு நிறம். “ரெண்டு மஞ்சள் ஒரு ஆரஞ்சு” என்று அவளே கண்டுபிடித்தாள், 5+5. பொருள் நல்லதுதான். ஆனால் சின்னவன் வாயில் போடும் வயசு. ஒரு சென்டிமீட்டர் வெள்ளைத் துண்டுகளைப் பிடுங்கி ஒளித்து வைத்தே பாதி தொலைந்தது. பயிற்சிப் புத்தகங்கள்? மாம்பழத்துக்கு வண்ணம் அடிப்பதிலேயே அரை மணி போகும், கணக்கு ஒரு நிமிடம்.

விளையாட்டில் பல்லாங்குழிக்கு என் ஓட்டு. குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது ‘பசு’, எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கொண்டிருந்தால் அப்பத்தா அள்ளிவிடுவார், அதனால் பார்த்த மாத்திரத்தில் நான்கு என்று தெரிந்தாக வேண்டும். பாம்பு ஏணி அட்டையில் ஒரு சிக்கல். ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். எண்கள் வளைந்து வளைந்து போவதில் குழம்பினாள். உளவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்று முதல் பத்து வரை நேர்வரிசையில் எழுதிய அட்டையில் மழலையர் விளையாடினார்கள். நான்கே அமர்வுகளில் எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்த அட்டையில் விளையாடியவர்களுக்குக் கூடவில்லை. அதைப் படித்தபின் காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லா வரிசையும் இடமிருந்து வலமாக நூறு கட்டம் போட்டேன். ஒரே நிபந்தனை: 47-இல் நின்று 3 விழுந்தால் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ கூடாது, ‘48, 49, 50’ என்று சொல்லித்தான் காயை நகர்த்த வேண்டும்.

அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மகள் படிப்பது தனியார் பள்ளி என்று நான் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றாம் வகுப்புக் கணக்கை முதலில் இறக்கிப் பார்த்திருந்தால் பெட்டி பாதி காலியாக இருந்திருக்கும்.

மூன்று நாளைக்கு முன் சின்னவன் தொங்கியதில் மாலை அறுந்து மணியெல்லாம் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. பெரியவளே உட்கார்ந்து கோத்தாள். முடிச்சுப் போடும்முன் தூக்கிப் பார்த்துவிட்டு, “அப்பா, கடைசி வெள்ளையில ஏழுதான் இருக்கு. தொண்ணூத்தேழு. மூணு மணி எங்கயோ கிடக்கு” என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போனாள்.